ஆசைப்பட்ட பொருளைக் கைநீட்டாமல் வாங்குவது எப்படி? மொய் எழுதுகிறவனின் கணக்கு

பேராவூரணியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். தமிழ் டைப்பிங், லேமினேஷன், பத்திரிகை அடித்துக் கொடுப்பது எல்லாம் உண்டு. ஆடி பிறந்துவிட்டால் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு மொய் எழுதக் கிளம்பிவிடுவேன். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம், விருந்து வைத்து ஊராரிடம் மொய் வாங்குகிற மொய் விருந்துச் சீசன் அது. கையெழுத்து நன்றாக இருக்கும், கூட்டல் தப்பாது என்பதால் என்னைக் கூப்பிடுவார்கள்.

போன மாதம் ஒரு பையன் கடைக்கு வந்தான். கல்லூரி இரண்டாம் வருடம். “அண்ணே, ஒரு போஸ்டர் டிசைன் பண்ணணும். என் பிறந்தநாளுக்கு ஐபோன் வாங்கப்போறேன், ஆளுக்குப் பத்து ரூபா போடுங்கன்னு எழுதி, கியூஆர் கோடு பெருசா தெரியணும்” என்றான். ஸ்டேட்டஸில், இன்ஸ்டாகிராமில், எல்லாக் குரூப்பிலும் போடப் போவதாகச் சொன்னான். அவன் முகத்தில் கூச்சம் துளியும் இல்லை. தப்பு என்று யாராவது சொல்லியிருந்தால்தானே கூச்சம் வரும்.

நான் அவனை ஸ்டூலில் உட்காரச் சொன்னேன். ஏனென்றால் 2022-ல் அதே காரியத்தை நானும் செய்தேன். அன்று சாயங்காலம் அவனிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். ஏதோ ஒரு பொருளின் மேல் ஆசை வந்து, கையில் காசில்லாமல், முகம் தெரியாதவர்களிடம் கேட்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு உதவும்.

எனக்குப் பறவை பார்ப்பதில் பைத்தியம். கஜா புயலுக்குப் பிறகு, 2019-ல், பேராவூரணி பெரியகுளத்தைத் தூர்வாரினார்கள். கைஃபா என்ற அமைப்பு முன்னின்றது, ஊர்மக்களும் வெளியூர்க்காரர்களும் பணம் போட்டார்கள். தண்ணீர் நின்றது, பறவை வந்தது. காலையில் போய் நிற்பேன். செல்போனில் எடுத்தால் புள்ளியாகத்தான் விழும். தூரத்துப் பறவையைப் பக்கத்தில் காட்டும் கேமரா ஒன்று இருக்கிறது, நிக்கான் பி950. 83 மடங்கு ஜூம். பறவைக்காரர்கள் பலர் கையில் பார்த்திருக்கிறேன். பழையது ஒன்று 46,000 ரூபாய்க்கு வந்தது. மெமரி கார்டு, பை சேர்த்து 47,500.

ஒரு ராத்திரி, “பறவைகளை ஆவணப்படுத்த ஒரு கேமரா வேண்டும், உங்களால் முடிந்ததைத் தாருங்கள்” என்று எழுதி கியூஆர் கோடோடு போட்டுவிட்டேன். ‘ஆவணப்படுத்த’ என்ற வார்த்தையை வேண்டுமென்றேதான் போட்டேன். எனக்கு ஆசை என்று எழுதியிருந்தால் உண்மையாக இருந்திருக்கும். ஊருக்கு ஏதோ சேவை செய்கிற மாதிரி எழுதினேன்.

நான்கு நாளில் 63 பேர், 3,870 ரூபாய். நான்காம் நாள் ராத்திரி ஒருவர் 21 ரூபாய் அனுப்பியிருந்தார். கூடவே ஒரு வரி: “இன்னிக்கு இவ்ளோதாம்ப்பா. நல்லா எடு.”

அந்த வரியைப் படித்துவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் யார், எந்த ஊர், என்ன வேலை, எதுவும் தெரியாது. அன்றைக்கு அவர் கையில் மிச்சமிருந்ததே அந்த 21 ரூபாயாக இருக்கலாம். அதை நான் என் ஆசைக்கு வாங்கிவிட்டேன்.

முதல் வேலை: நோட்டுப் போட்டுப் பாருங்கள்

மொய் நோட்டைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, மூலைகளில் மஞ்சள். ஊர் வாரியாகப் பக்கம் பிரித்திருப்போம். வருகிறவர் ஊரைச் சொல்வார், அப்பா பெயரைச் சொல்வார், தன் பெயரைச் சொல்வார். ஒரே ஊரில் ஒரே பெயரில் நான்கு பேர் இருப்பார்கள், அதனால் தெருவோ பட்டப்பெயரோ சேர்த்துக்கொள்வோம். தொகையை நான் வாய்விட்டுச் சொல்வேன். பக்கத்தில் பணம் வாங்குகிறவர் எண்ணிப் பார்த்துத் திருப்பிச் சொல்வார். அதற்கப்புறம்தான் பேனா தாளில் படும். ஒரு சைபர் தப்பினால் இரண்டு குடும்பத்துக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோகும். பக்கம் முடிந்ததும் கீழே கூட்டல், அதை அடுத்த பக்கத்தின் தலையில் ஏற்றி எழுதுவோம்.

அந்த நோட்டு பீரோவில் நகையோடு இருக்கும். நமக்குச் செய்தவர் வீட்டிலிருந்து பத்திரிகை வந்தால் முதலில் நோட்டைத்தான் புரட்டுவார்கள். அவர் 1,000 செய்திருந்தால் அந்த ஆயிரத்தைத் திருப்பிச் செய்து, மேலே ஒரு தொகையைப் புதிதாகப் போட வேண்டும். வெளியூர்க்காரர்கள் மொய் விருந்தைப் பார்த்துவிட்டு, “ஊரே சேர்ந்து ஒருத்தருக்குப் பணம் கொடுக்குதே” என்று ஆச்சரியப்படுவார்கள். கொடுக்கவில்லை. கடன். வட்டியில்லாத கடன், சாட்சிக்கு ஊர், பத்திரத்துக்கு நோட்டு. வாங்குகிறவர் அந்த ராத்திரியே கடனாளி ஆகிறார், அது அவருக்கும் தெரியும்.

பத்து வருடமாக மொய் எழுதுகிறவன் நான். அந்த 63 பேரை எழுத உட்கார்ந்தபோது கை ஓடவில்லை. ஊர் தெரியாது. அப்பா பெயர் தெரியாது. அவர்கள் வீட்டு விசேஷம் எனக்குத் தெரியவே போவதில்லை.

அதனால் நீங்கள் கேட்பதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து நான்கு கட்டம் போடுங்கள். கொடுப்பவர் பெயர், ஊர், தொகை, எப்போது எப்படித் திருப்புவேன். நான்காவது கட்டத்தை நிரப்ப முடிந்தால் தாராளமாகக் கேளுங்கள். மாமாவிடம், நண்பனிடம், கூட வேலை பார்க்கிறவரிடம் கைமாற்றாக வாங்குங்கள், தேதி எழுதிக்கொள்ளுங்கள். கடன் வாங்குவதில் ஒரு குறையும் இல்லை. நான்காவது கட்டம் காலியாக இருந்தால் அந்தப் பொருளின் பாரம் உங்களுடையது, நீங்கள்தான் சுமக்க வேண்டும்.

விலையை நாளாக மாற்றுங்கள்

என் அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். 2022-ல் தமிழ்நாட்டுக்கு அந்தத் திட்டத்தின் கூலி நாளுக்கு 281 ரூபாய். 47,500-ஐ 281-ஆல் வகுத்துப் பார்த்தேன். 169 நாள். அப்போது திட்டமே ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு நூறு நாள்தான் தந்தது. என் அம்மா மண்வெட்டி பிடித்து ஒன்றே முக்கால் வருடம் வேலை பார்த்து, ஒரு பைசா தொடாமல் வைத்திருந்தால்தான் எனக்கு அந்தக் கேமரா.

இந்தக் கணக்கை ஒவ்வொருவரும் போட வேண்டும், அதுவும் வீட்டில் ஆகக் குறைந்த கூலி வாங்குகிறவரின் கணக்கில். ஐபோனோ, பைக்கோ, கேமிங் லேப்டாப்போ, எதுவானாலும் சரி. போஸ்டர் அடிக்க வந்த பையன் போட்டுப் பார்த்தான். அவன் அப்பா தேங்காய் உரிக்கிறார். விடை வந்ததும் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனை வெட்கப்படுத்த நான் அதைச் செய்யவில்லை. ஆசைப்படுவது தப்பே இல்லை. என்ன விலைக்கு ஆசைப்படுகிறோம் என்று தெரிந்துகொண்டு ஆசைப்படலாம்.

கணக்கு போட்டபின் மூன்று வாரம் பொறுங்கள். பொருளின் பெயரைக் காலண்டரில் எழுதி வையுங்கள். மூன்று வாரம் கழித்தும் அதே வேகம் இருந்தால் ஆசை நிஜம். எனக்கு இருந்தது. என் தம்பி ஒரு ஸ்மார்ட் வாட்ச் எழுதி வைத்தான், பதினைந்தாம் நாள் அவனே அடித்துவிட்டான்.

அதோடு, அதே பொருள் பழையதாகக் கிடைக்குமா என்று பாருங்கள். மின்சாமானைப் பழையதாக வாங்குவதென்றால் நேரில் போய்த்தான் வாங்க வேண்டும். கேமராவாக இருந்தால் லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், நம் கடலோர ஈரத்தில் பூஞ்சை பிடித்திருக்கும், நூல் நூலாகத் தெரியும். ஜூமை முழுக்க நீட்டி மடக்குங்கள், மோட்டார் திக்கினால் வேண்டாம். போனாக இருந்தால் பேட்டரி நிலவரம் பாருங்கள், பில் கேளுங்கள், விற்பவர் தன் கணக்கிலிருந்து வெளியேறினாரா என்று கண்ணெதிரே பார்த்த பிறகு காசு கொடுங்கள். முன்பணம் அனுப்பச் சொல்கிற எவரிடமும் வாங்காதீர்கள்.

வேலை எங்கே இருக்கிறது

“சம்பாதிச்சு வாங்குன்னு சொல்றது ஈஸி, வேலை எங்கண்ணே இருக்கு?” என்று பையன் கேட்டான். நியாயமான கேள்வி. புதிதாக ஒரு தொழிலைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. உங்கள் கைக்கு ஏற்கெனவே பழகிய வேலையை, இதுவரை விற்காத நேரத்தில் விற்க வேண்டும். அவ்வளவுதான்.

என் கதையைச் சொல்கிறேன். மொய் எழுதும் பணம் வழக்கமாக வீட்டுச் செலவோடு கலந்துவிடும். 2023 ஆடியில் வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பதினோரு விருந்துக்கு ஒப்புக்கொண்டேன், விருந்துக்கு 1,200 வீதம். அந்தப் பதினொன்று மட்டும் கேமராவுக்கு: 13,200. கடை அடைத்தபின் ராத்திரி ஒன்பதிலிருந்து பத்தரை வரை டைப்பிங். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களின் கைப்பிரதி, கோயில் திருப்பணிக் கணக்கு, ஒரு பெரியவர் எழுதிய குடும்ப வரலாறு. பக்கத்துக்கு 20 ரூபாய். வாரம் பன்னிரண்டு பக்கம், ஐம்பது வாரம்: 12,000. ஞாயிற்றுக்கிழமை ஒரு கொப்பரைக் களத்தில் எடைச் சீட்டு எழுதப் போனேன், 400 ரூபாய். 38 ஞாயிறு: 15,200. கடையில் சும்மா கிடந்த பழைய பிரிண்டரை 3,500-க்கு விற்றேன். சாயங்கால வடை, பஜ்ஜியில் மாதம் 300 மிச்சம் பிடித்தேன், வருடத்துக்கு 3,600.

கூட்டிப் பாருங்கள், 47,500. இப்படிக் கச்சிதமாக வந்ததற்குக் காரணம், அந்த எண்ணிக்கை வந்ததும் ஞாயிற்றுக்கிழமைக் களத்துக்குப் போவதை நிறுத்தினேன்.

இதில் கொப்பரைக் களத்து வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் மூன்று வாரம் முதலாளி என்னை நம்பவில்லை, எடைச் சீட்டை அவரும் ஒரு தடவை போட்டுப் பார்ப்பார். நான்காம் வாரம் நிறுத்திவிட்டார். தீபாவளிக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தார். இன்றைக்கும் அவர் வீட்டுப் பத்திரிகை எல்லாம் என் கடையில்தான் அடிக்கிறார். கியூஆர் கோடில் பணம் வந்தபோது அந்த 63 பேரில் ஒருவரைக்கூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. உழைத்து வாங்கியதில் எனக்கு ஒரு வாடிக்கையாளர் கிடைத்தார்.

வேலை கேட்கப் போகும்போது, “ஏதாவது வேலை இருந்தா குடுங்க” என்று நிற்காதீர்கள். அப்படிக் கேட்டால் எதிரில் இருப்பவர்தான் யோசிக்க வேண்டும். “ஞாயித்துக்கிழமை காலைல ஏழுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் எடைச் சீட்டு எழுதித் தரேன், நானூறு குடுங்க” என்று கேளுங்கள். நேரம், வேலை, கூலி மூன்றும் உங்கள் வாயிலிருந்து வர வேண்டும். கூலியைக் குறைத்துச் சொல்லாதீர்கள், ஏற்கெனவே அந்த வேலையைப் பார்க்கிறவர் வயிற்றில் அடித்ததாகிவிடும். கல்லூரிப் பிள்ளைகளுக்கு என் கண்ணில் படுகிற வேலைகள்: கல்யாண மண்டபத்தில் பரிமாறப் போவது, சின்னப் பிள்ளைகளுக்கு டியூஷன், கடைக்காரர்களுக்கு ஸ்டாக் எழுதுவது, வயதானவர்களுக்கு ஆன்லைனில் படிவம் நிரப்பிக் கொடுப்பது.

படிப்பைக் கெடுத்துக்கொண்டு போகாதீர்கள். வாரத்துக்குப் பத்து மணி நேரம் போதும்.

பணத்தைத் தனியாகக் கட்டுங்கள்

சம்பாதிப்பதைவிடக் கஷ்டம் இதுதான். ஜிபே இணைத்திருக்கும் கணக்கில் போட்டால் டீக்கடையிலும் ரீசார்ஜிலும் கரைந்துபோகும். நான் யுபிஐ இணைக்காத தனிக் கணக்கு ஒன்று வைத்தேன். அதிலிருந்து மாதம் 2,000 ரூபாய், மாதாமாதம் கட்டும் சேமிப்பான ஆர்டிக்கு, பன்னிரண்டு மாதம் தானாகப் போகும்படி செய்தேன். மீதி அப்படியே கிடந்தது. ஆர்டி வட்டி எண்ணூறு ரூபாய் சொச்சம் வந்தது, அதை வைத்து ஜனவரியில் கோடியக்கரைக்குப் போய்வந்தேன். போஸ்ட் ஆபீஸ் ஆர்டி மாதம் 100 ரூபாயிலிருந்து போடலாம், நல்ல திட்டம், ஆனால் ஐந்து வருடத்துக்கானது. ஒரு வருட ஆசைக்கு வங்கி ஆர்டி பொருந்தும்.

சீட்டு போடுவதாக இருந்தால் பதிவு செய்த சீட்டா என்று கேட்டுப் போடுங்கள். தெருவில் பிடிக்கும் தீபாவளிச் சீட்டில் ஏமாந்த குடும்பம் எங்கள் தெருவிலேயே உண்டு.

தவணையில் வாங்கலாமே என்பார்கள். ‘நோ காஸ்ட் ஈஎம்ஐ’ என்று இருந்தாலும் பிராசஸிங் கட்டணமும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் எங்காவது ஒட்டியிருக்கும், படித்துப் பாருங்கள். பிழைப்புக்கான கருவி என்றால் தவணை சரி, கருவியே தவணையைக் கட்டும். ஆசைக்கான பொருளுக்கு வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பொருள் பழசான பிறகும் தவணை ஓடும்.

கேட்க வேண்டிய நேரமும் உண்டு

இதைப் படித்துவிட்டு யாரும், எந்த நிலையிலும் கேட்கவே கூடாது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது பெரிய பாவம்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா அடித்தது. விடிந்து பார்த்தால் எங்கள் தோப்பில் தென்னை நிற்கிற இடத்தைவிட விழுந்து கிடக்கிற இடம்தான் அதிகம். வீட்டுக் கூரை பக்கத்துக் கொல்லையில் கிடந்தது. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. எங்கிருந்தோ லாரியில் வந்தார்கள். தார்ப்பாய், மெழுகுவத்தி, கொசுவத்தி, அரிசி. என் அம்மா ஒரு தார்ப்பாயை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். கொடுத்தவர் பெயரைக் கேட்டேன், “இருக்கட்டும்ங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

முகம் தெரியாதவர் நீட்டும் கை அந்த மாதிரி நாளுக்கானது. நோட்டில் எழுத முடியாத பணத்தை வாங்கலாம் என்றால் அன்றைக்குத்தான் வாங்கலாம். ஐபோனுக்கும் கேமராவுக்கும் பத்துப் பத்து ரூபாயாகக் கேட்டுக்கொண்டே இருந்தால், நாளைக்கு ஒரு குழந்தையின் ஆபரேஷனுக்கு ஒரு தாய் கியூஆர் கோடு போடும்போது ஜனங்கள் தள்ளிவிட்டுப் போவார்கள். இப்போதே போகிறார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

அப்படி நிஜமாகத் தேவை வந்தால் முதலில் உரிமையாக வருவதைக் கேளுங்கள். மருத்துவச் செலவு என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா பாருங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு அது உண்டு, ஆண்டுக்கு 5 லட்சம் வரை. படிப்புச் செலவு என்றால் அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகிற பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய். கல்விக்கடனுக்கு வித்யாலட்சுமி இணையதளம். என் கடைக்கு வந்து போஸ்டர் அடிக்கச் சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு இதெல்லாம் தங்களுக்குக் கிடைக்கும் என்றே தெரிந்திருக்கவில்லை.

அதற்கும் மேல் தேவைப்பட்டால் கேளுங்கள், ஒழுங்காகக் கேளுங்கள். மொத்தச் செலவு எவ்வளவு, காப்பீடு போக மீதி எவ்வளவு, எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று எழுதுங்கள். முடிந்தால் பணம் நேரே ஆஸ்பத்திரிக் கணக்குக்குப் போகட்டும். மிலாப், கெட்டோ மாதிரியான நிதி திரட்டும் தளங்களில் போட்டால் அவர்கள் மருத்துவச் சான்று கேட்பார்கள், கேட்கட்டும். தொகை சேர்ந்த அன்றே “போதும்” என்று அறிவித்துக் கியூஆர் கோடை எடுத்துவிடுங்கள். மிச்சம் இருந்தால் அதே வார்டில் பக்கத்துப் படுக்கைக்குக் கொடுத்துவிட்டு, கொடுத்ததையும் எழுதுங்கள். நோயாளியின் முகத்தைப் போடாதீர்கள், குழந்தையாக இருந்தால் கட்டாயம் போடாதீர்கள். அது பிழைத்து, வளர்ந்து, பள்ளிக்கூடம் போகப்போகிற குழந்தை.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு அக்கா பெரிய கிரைண்டர் வாங்க ஆசைப்பட்டார். இருபது வீட்டில் போய், “தீபாவளிக்கு ரெண்டு கிலோ முறுக்கு, ஒரு கிலோ அதிரசம் தரேன், காச இப்பவே குடுங்க” என்று கேட்டார். நோட்டில் எழுதிக்கொண்டார். கிரைண்டரும் வந்தது, தீபாவளிக்கு ஐந்து நாள் முன்னால் எல்லா வீட்டுக்கும் டப்பாவும் போனது. முன்பணத்துக்குப் பொருள். நான்காவது கட்டம் நிரம்பிவிட்டது பாருங்கள். படம் வரையத் தெரிந்தால், தைக்கத் தெரிந்தால், செடி வளர்க்கத் தெரிந்தால் இது உங்களுக்கும் ஆகும். சொன்ன தேதியில் கொடுக்க முடியும் என்ற எண்ணிக்கைக்கு மேல் ஒரு ஆர்டர்கூட எடுக்காதீர்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டால்

திருப்பிக் கொடுத்துவிடலாம். யுபிஐ ஆப்பில் பரிவர்த்தனை வரலாற்றைத் திறந்தால் அனுப்பியவர் பெயர் இருக்கும், அதிலிருந்தே திருப்பி அனுப்பலாம். ஒவ்வொன்றாக அனுப்பி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் டிக் போடுங்கள். நான் கூடவே ஒரு வரி எழுதினேன்: “நன்றி. நானே சம்பாதித்து வாங்கிக்கொள்கிறேன்.” சிலர் கோபித்துக்கொண்டார்கள். சிலர் வாழ்த்து அனுப்பினார்கள். ஒருவர் தன் மகனின் கல்யாணப் பத்திரிகையை என் கடைக்கு அனுப்பி அடித்து வாங்கினார்.

இதில் ஒரு எச்சரிக்கை. நீங்கள் திருப்புகிறீர்கள் என்று தெரிந்தால், “நானும் அனுப்பியிருந்தேன், எனக்கு வரலையே” என்று ஸ்கிரீன்ஷாட்டோடு ஆள் வருவார்கள். உங்கள் வங்கிக் கணக்கில் அந்தத் தொகை நிஜமாக வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். எனக்கு அப்படி இரண்டு பேர் வந்தார்கள், இரண்டுமே பொய். நமக்குப் பணம் வருவதற்கு யுபிஐ ரகசிய எண் (PIN) தேவையே இல்லை, யாராவது போடச் சொன்னால் நிறுத்திவிடுங்கள். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அடியுங்கள்.

வரியும் இருக்கிறது. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் சும்மா வந்த பணம் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், முழுத் தொகையும் உங்கள் வருமானத்தில் சேரும். தாண்டிய பகுதி மட்டும் என்று நினைத்திருக்கிறவர்கள் நிறையப் பேர். ஒருவருடைய கல்யாணத்துக்கு அவருக்கு வரும் அன்பளிப்புக்கு அந்த வரி கிடையாது.

பையன் போஸ்டர் அடிக்கவில்லை. இப்போது வாரத்தில் நான்கு நாள் சாயங்காலம் என் கடைக்கு வந்து டைப் அடிக்கிறான், பக்கத்துக்கு எனக்குக் கிடைத்த அதே 20 ரூபாய். முதல் வாரம் ‘ண’கரமும் ‘ன’கரமும் மாறி மாறி விழுந்தது, இப்போது பரவாயில்லை. ஐபோனைக் காலண்டரில் எழுதி வைத்திருக்கிறான். மூன்று வாரம் முடிய இன்னும் நான்கு நாள் இருக்கிறது.

என் கணக்கில் ஒன்று பாக்கி. 63 பேரில் 58 பேருக்கு 3,683 ரூபாய் திருப்பிவிட்டேன். ஐந்து பேருக்குப் பணம் போகவில்லை, ஐடி செல்லாது என்று வந்தது. 51, 50, 35, 30, 21. மொத்தம் 187 ரூபாய். ஒரு கவரில் போட்டு, என்னுடைய சொந்த மொய் நோட்டின் கடைசிப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். 2022-ல் பறவைக் கேமராவுக்கு என்று அனுப்பியவர் நீங்களாக இருந்தால், தொகையையும் தேதியையும் சொல்லுங்கள், அனுப்பிவிடுகிறேன். 21 ரூபாய் அனுப்பியவருக்குப் பணத்தோடு ஒரு படமும் பிரேம் போட்டு வைத்திருக்கிறேன். பெரியகுளத்தில் எடுத்தது, நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கிறது.